4 கிராமா, 104 கிராமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பிளஸ் 1 வேதியியலுக்கு ஒரு கணக்கும் அதற்கு விடையும் வந்திருந்தன. 100 மி.லி. தண்ணீரில் 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடைக் கரைக்கிறோம், வெப்பநிலை 28 டிகிரியிலிருந்து 38 டிகிரி செல்சியஸுக்கு ஏறுகிறது, கரைதல் வெப்பம் என்ன என்பது கேள்வி. மோலுக்கு (மோல் என்பது வேதியியலில் பொருளின் அளவைச் சொல்கிற அலகு) 1.67 கிலோஜூல் என்று விடை போட்டிருந்தீர்கள். அது தப்பு. கொஞ்சம் முன்னே பின்னே என்கிற தப்பு இல்லை, உண்மையான விடையில் இருபத்தாறில் ஒரு பங்குதான் அது. அச்சில் எண் மாறியிருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் மறுநாள் சாயங்காலம் என்னிடம் படிக்க வருகிற பெண் அந்தத் துண்டைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தாள், பசைகூடச் சரியாகக் காயவில்லை. இது தப்பும்மா என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்காங்க டீச்சர்" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே தவறினார்கள் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. வெப்பம் என்பது நிறை, தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், தண்ணீருக்கு 4.18 ஜூல்), வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்கி வருவது, அது எல்லாருக்கும் மனப்பாடம். அந்த நிறை எதனுடைய நிறை என்பதில்தான் பிள்ளைகள் வருடா வருடம் விழுகிறார்கள், இந்த முறை உங்கள் பக்கத்தைத் தயாரித்தவரும் விழுந்துவிட்டார். கரைந்தது 4 கிராம், அதனால் 4ஐ 4.18ஆலும் 10ஆலும் பெருக்கி 167 ஜூல் என்று வைத்துக்கொண்டார்கள். சூடானது அந்த 4 கிராம் மட்டும்தானா? தெர்மாமீட்டர் எதில் முங்கியிருந்தது? மொத்தக் கரைசலும்தானே 10 டிகிரி ஏறியது! 100 கிராம் தண்ணீரும் அதில் கரைந்த 4 கிராமும் சேர்ந்து 104 கிராம். 104ஐ 4.18ஆல் பெருக்கினால் டிகிரிக்கு 435 ஜூல், 10 டிகிரிக்குச் சுமார் 4,350 ஜூல், அதாவது 4.35 கிலோஜூல். சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு மோல் என்பது 40 கிராம், நாம் போட்டது பத்தில் ஒரு மோல், ஆகவே மோலுக்கு 43.5 கிலோஜூல். புத்தகங்களில் கொடுத்திருக்கும் மதிப்பு 44.5. சாதாரணக் கோப்பையில் செய்த சோதனைக்கு இந்த நெருக்கம் ரொம்பவே நல்ல நெருக்கம். 1.67 என்று வந்தபோதே போட்டவருக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் சோடியம் ஹைட்ராக்சைடை, அதாவது காஸ்டிக் சோடாவைக் கரைத்த பாத்திரத்தைக் கையால் தொட்ட எவருக்கும் அது எவ்வளவு சூடு என்று தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. விடைக்கு முன்னால் கழித்தல் குறி இல்லை. இதை அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை. கரைசல் வெப்பத்தை வாங்கிக்கொண்டது, அதனால் கரைசலுக்கு அது வரவு. கொடுத்தது யார்? கரைந்த பொருள். அதற்கு அது செலவு. என்தால்பி மாற்றம், அதாவது நாம் எழுதுகிற இந்தக் கரைதல் வெப்பம், கரைந்த பொருளின் பக்கமிருந்து எழுதுகிற கணக்கு, ஆகவே கழித்தல் 43.5. தண்ணீர் சூடானால் கழித்தல், தண்ணீர் குளிர்ந்தால் கூட்டல் என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துப் பதிந்துவிட்டால் போதும், அப்புறம் குறி மாறவே மாறாது. சூத்திரத்தில் குறியைத் தேடுகிற பிள்ளைக்குத்தான் ஒவ்வொரு பரீட்சையிலும் மாறுகிறது. இதோடு சேர்ந்து வருகிற இன்னொரு வியாதி 273. வெப்பநிலை என்று பார்த்ததும் 273ஐக் கூட்டிவிடுவது. 28, 38 இரண்டையும் கெல்வினுக்கு மாற்றிவிட்டுக் கழித்தாலும் வித்தியாசம் அதே 10தான். வித்தியாசத்தை எடுத்துவிட்டு அதன்மேல் 273ஐக் கூட்டி 283 என்று போட்டால் நூறு மில்லி தண்ணீர் எப்போதோ கொதித்து ஆவியாகப் போயிருக்க வேண்டும்! விடைத்தாளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வராது, மனசு கஷ்டமாக இருக்கும். அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது ஒரு கோப்பையில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்காது.

சரி, கரையும்போது ஏன் சிலது சுடுகிறது, சிலது குளிர்கிறது என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்கள். சமையல் உப்பை வைத்துச் சொல்வேன். உப்புப் படிகத்தில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கின்றன. ஒரு மோல் உப்பில் அந்தப் பிடியை முழுக்க விடுவிக்க 788 கிலோஜூல் செலவு. விடுபட்ட அயனிகளைத் தண்ணீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் சூழ்ந்துகொள்கின்றன, அதில் 784 வரவு. கூட்டிக் கழித்தால் கையிலிருந்து போகிறது வெறும் 4 கிலோஜூல். இவ்வளவு பெரிய வரவும் செலவும் நடந்துவிட்டு மிஞ்சுவது இந்தத் துளிதான், அதனால்தான் குழம்பில் உப்புப் போடும்போது நமக்கு எதுவும் தெரிவதில்லை. 100 மி.லி. தண்ணீரில் 5.85 கிராம் உப்பைக் கரைத்தால் ஒரு டிகிரிகூட முழுசாக இறங்காது. காஸ்டிக் சோடாவில் வரவு பெரியது, சூடு வெளியே வருகிறது. நவச்சாரத்தில் (அம்மோனியம் குளோரைடு) செலவு பெரியது, தண்ணீரிடமிருந்தே கடன் வாங்குகிறது, தண்ணீர் குளிர்கிறது. வெப்பத்தில் நஷ்டம் என்றாலும் அது ஏன் தானாகக் கரைகிறது என்பது என்ட்ரோபி, அதாவது துகள்கள் கலைந்து பரவுகிற போக்கு, பற்றிய விஷயம், அதை இங்கே இழுக்க வேண்டாம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். கலோரிமீட்டர் என்கிற வெப்பம் அளக்கும் கருவி இல்லாத பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்த்திருக்கிறேன், ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. டீக்கடையில் கொடுக்கிற பேப்பர் கப் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் நடுவில் கொஞ்சம் காற்று நிற்கும், அதுவே போதும். மேலே மூட ஒரு அட்டை, அதில் தெர்மாமீட்டர் நுழைய ஓட்டை. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள், அது உதவாது, 35 டிகிரியிலிருந்துதான் அதில் அளவே தொடங்கும். ஆய்வகத் தெர்மாமீட்டர் வேண்டும், பத்தில் ஒரு டிகிரி காட்டுகிற டிஜிட்டல் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. பொருளுக்கு நாட்டுமருந்துக் கடைக்குப் போய் நவச்சாரம் என்று கேட்டால் கொடுப்பார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்துகிற அதே பொருள், நம் புத்தகத்தில் அம்மோனியம் குளோரைடு என்ற பெயரில் இருக்கிறது. கடைச் சரக்கில் சுத்தம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. கட்டியாக இருந்தால் நன்றாகப் பொடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாகக் கரையும், அதற்குள் வெளியிலிருந்து சூடு உள்ளே வந்துவிடும்.

சமீபத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகள் இதைச் செய்தார்கள். தண்ணீர் 29.0 டிகிரி. 5.35 கிராம் நவச்சாரத்தைக் கொட்டி, மூடி, மெதுவாகச் சுழற்றினார்கள். பேப்பர் கப்பின் வெளிப்புறத்தைப் பிடித்திருந்த பையன் "டீச்சர், குளுருது" என்றான், எண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொன்னான். எண் 25.8க்கு இறங்கி நின்றது. 3.2 டிகிரி. 105.35 கிராம், 4.18, 3.2, பெருக்கினால் 1,409 ஜூல். போட்டது பத்தில் ஒரு மோல். மோலுக்குக் கூட்டல் 14.1 கிலோஜூல். புத்தகத்தில் 14.8. அந்த 0.7 எங்கே போனது என்று அவர்களே ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நாட்டுமருந்துக் கடைச் சரக்கு என்றான் ஒருவன். கப் வழியாக வெளிச்சூடு வந்திருக்கும் என்றாள் ஒருத்தி. தன்வெப்பம் சுத்தத் தண்ணீருக்குத்தானே 4.18, இது உப்புத் தண்ணீர் ஆச்சே என்று கேட்டவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் இரண்டும் சரி. மூன்றாவது அருமையான கேள்வி, ஆனால் உப்புத் தண்ணீரின் தன்வெப்பம் 4.18ஐ விடக் குறைவு என்பதால் அது வித்தியாசத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. இந்தப் பேச்சு எந்த கைடிலும் கிடைக்காது.

அந்த வெளிச்சூட்டுக்கு ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். பொருளைப் போடுவதற்கு முன்பே அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் பொருளைப் போடுகிறோம் என்றால் அப்புறம் இன்னும் ஐந்தாறு நிமிடம் விடாமல் குறிக்க வேண்டும். வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் கடைசிப் பகுதி லேசாகச் சாய்ந்த ஒரு கோடாக வரும், அதுதான் வெளிக்காற்றின் கைவரிசை. அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி, மூன்றாவது நிமிடம் வரைக்கும் நீட்டினால் சூடு கசியாமல் இருந்திருந்தால் என்ன வெப்பநிலை வந்திருக்கும் என்று தெரியும். பேப்பர் கப்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் செய்து பார்க்கச் சொல்வேன். 100 கிராம் எடையுள்ள எவர்சில்வர் டம்ளர் ஒவ்வொரு டிகிரிக்கும் 50 ஜூல் தனக்கு எடுத்துக்கொள்ளும். கரைசல் எடுத்துக்கொள்வது 435 ஜூல் என்றால் டம்ளரைக் கணக்கில் விட்டவருக்குப் பத்தில் ஒரு பங்கு தொலைந்துவிடும்.

இந்தக் கணக்கு ஆய்வகத்துக்குள் மட்டும் இருக்கிற கணக்கில்லை. என் தம்பி விவசாயம் பார்க்கிறான். இலைவழியாக யூரியா தெளிக்கும்போது நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கில் 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம் போடுவான். நேரே டேங்கில் கொட்டினால் அடியில் தங்கி நாசிலை அடைக்கும் என்று முதலில் ஒரு வாளியில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துக் குச்சியால் கலக்கிக் கரைத்துக்கொள்வான். ஒரு நாள் காலையில் நான் வரப்பில் நின்றிருந்தேன், "வாளியத் தொட்டுப் பாருக்கா" என்றான். தொட்டால் வாளியின் வெளிப்புறம் ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த செம்பு மாதிரி இருக்கிறது. அதையே டேங்கில் ஊற்றி மீதித் தண்ணீரை நிரப்பினதும் குளிர்ச்சி போய்விட்டது. "எங்கக்கா போச்சு அந்தக் குளிரு?" என்று கேட்டான். நான் அங்கேயே வரப்பு மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். யூரியா ஒரு மோல் 60 கிராம், 200 கிராம் என்றால் மூன்றேகால் மோலுக்குக் கொஞ்சம் மேலே. மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல் உறிஞ்சும், ஆக மொத்தம் 50 கிலோஜூல். வாளியில் இருந்தது தண்ணீரும் யூரியாவும் சேர்த்து 1.2 கிலோ, அது ஒரு டிகிரி இறங்க 5 கிலோஜூல் போதும், அதனால் 10 டிகிரி இறங்கியது. டேங்கில் இருப்பது 10.2 கிலோ, ஒரு டிகிரி இறங்க 42.6 கிலோஜூல் வேண்டும், அதே 50 அங்கே ஒரு டிகிரிக்குச் சற்று மேலே மட்டும் இறக்கும். குளிர் எங்கேயும் போகவில்லை, பங்கு பிரிந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு நின்றவன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். மார்கழிக் காலையில் யூரியா ஏன் கரைய மாட்டேன் என்கிறது என்பதற்கும் அவனே பதில் சொல்லிவிட்டான், கரையக் கரையத் தண்ணீர் தானே குளிர்ந்துவிடுகிறது, குளிர்ந்த தண்ணீரில் கரைவது மெதுவாகிறது. இப்போதெல்லாம் வெயில் பட்டுத் தொட்டியில் இருக்கிற வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் வாளிக்கு எடுக்கிறான்.

அடிபட்ட இடத்தில் வைப்பதற்கு விற்கிற உடனடிக் குளிர் பைகளில் இருப்பதும் இதே சங்கதிதான். உள்ளே தண்ணீர்ப் பை ஒன்று, சுற்றிலும் யூரியாவோ அம்மோனியம் நைட்ரேட்டோ. குத்தி உடைத்தால் கரைந்து குளிரும். அம்மோனியம் நைட்ரேட் மோலுக்குச் சுமார் 26 கிலோஜூல் உறிஞ்சக்கூடியது, ஆனால் வெடிபொருளுக்கும் பயன்படுகிறது என்பதால் 2012லிருந்து அதற்கென்றே தனி விதிகள் இருக்கின்றன, பிள்ளைகள் அதைத் தேடிப் போக வேண்டாம்.

பனிக்கட்டி கிடைக்காத காலத்தில் வட இந்தியாவில் வெடியுப்பை (பொட்டாசியம் நைட்ரேட்) வைத்தே குடிதண்ணீரைக் குளிர வைத்திருக்கிறார்கள். அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் அக்பர் அரண்மனையில் செய்த முறை அளவோடு இருக்கிறது. ஒரு சேர் தண்ணீரை உலோகக் குடுவையில் அடைத்து வாயை மூடிவிடுவது, வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் தண்ணீரும் இரண்டரை சேர் வெடியுப்பும் போடுவது, குடுவையை அதற்குள் கால் மணி நேரம் சுழற்றுவது. நான் இதை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுப்பேன். தண்ணீரில் பாதி எடைக்கு வெடியுப்பு, அத்தனையும் கரையுமா? 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் 32 கிராம் அளவுக்குத்தான் கரையும், மீதி அடியில் கிடக்கும். மோலுக்கு 35 கிலோஜூல் உறிஞ்சுகிற உப்பு அது. கெட்டியான கரைசலில் அந்த மதிப்பு குறையும் என்பதற்கும், பாத்திரத்துக்கும், குடுவைத் தண்ணீருக்கும் தள்ளுபடி செய்த பிறகும் 10 டிகிரிக்கு மேல் இறங்கும் என்று கணக்கு வருகிறது. ஆக்ரா வெயிலில் அது எவ்வளவு பெரிய விஷயம்! தண்ணீரை வற்றவிட்டால் வெடியுப்பு திரும்பக் கைக்கு வந்துவிடும்.

மயில்துத்தத்தைப் (காப்பர் சல்பேட்) பற்றி ஒரு வார்த்தை. கடையில் வாங்குகிற நீலப் படிகத்தைக் கரைத்தால் தண்ணீர் கொஞ்சம் குளிரும், மோலுக்கு 11.7 கிலோஜூல் உறிஞ்சும். அதையே சட்டியில் வறுத்து நீர் போய் வெள்ளைப் பொடியான பின் கரைத்தால் சுடும், மோலுக்கு 66.5 வெளியே வரும். இரண்டும் கடைசியில் ஒரே நீலக் கரைசல்தான். அப்படியானால் வெள்ளைப் பொடி தண்ணீரை வாங்கி நீலப் படிகமாகிறபோது எவ்வளவு வெப்பம் வரும்? அதை நேரடியாக அளப்பது கஷ்டம், ஆனால் 66.5உம் 11.7உம் சேர்ந்து 78.2 என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் மாறாது என்று 1840இல் ஹெஸ் சொன்ன விதி இதுதான். ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை பார்த்தவர். இந்த விதியை அம்புக்குறி போட்ட முக்கோணமாக மட்டும் பார்த்த பிள்ளை பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறது. நீலமும் வெள்ளையும் இரண்டு கோப்பையில், ஒன்று சில்லென்று, ஒன்று சூடாக, கையில் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு மறக்காது.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம். எங்கள் தெருவில் ஒரு பெண், மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறாள், ஒரு நாள் சோப்புப் பயிற்சிக்குப் போய்வந்து வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் சோப்பு செய்ய ஆரம்பித்தாள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 175 கிராம் காஸ்டிக் சோடா, 350 மி.லி. தண்ணீர். சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தான் இருக்கிறார்கள். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாத விதி அவசரத்தில் நினைவுக்கு வருமா? ஒரு நாள் சோடாவை முதலில் எடை போட்டுப் பிளாஸ்டிக் மக்கில் வைத்திருந்தாள், அடுப்பில் ஏதோ கருகுகிற வாசனை, திரும்பி வந்து கைக்குக் கிடைத்த தண்ணீரை அதில் ஊற்றிவிட்டாள். சலசலவென்று கொதித்து மேலே தெறித்தது. முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் பட்டது. கண்ணில் படாதது தெய்வாதீனம். சத்தம் கேட்டு நான் ஓடினபோது பக்கத்து வீட்டம்மா எலுமிச்சம் பழத்தோடு நின்றுகொண்டிருந்தார், காரத்துக்குப் புளிப்பு என்று. வேண்டவே வேண்டாம் என்று தடுத்துக் குழாயடியில் கையை நீட்டச் சொல்லி இருபது நிமிடம் தண்ணீரை விட்டேன், அப்புறம் ஆஸ்பத்திரி. அமிலமும் காரமும் சேர்ந்தாலும் வெப்பம் வரும், வீரியமான அமிலம், வீரியமான காரம் என்றால் மோலுக்கு 57 கிலோஜூல், அதுவும் அதே பாடத்தில் உள்ளதுதான். வெந்த கையில் இன்னும் சூட்டைச் சேர்க்க வேண்டுமா?

அவள் கை ஆறினதும் ஒரு நாள் உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 175 கிராம் என்பது 4.4 மோல் அளவு. மோலுக்கு 44.5 என்றால் 195 கிலோஜூல். தண்ணீரும் சோடாவும் சேர்த்து 525 கிராம், ஒரு டிகிரி ஏற 2.19 கிலோஜூல். வகுத்தால் 89 டிகிரி. 30 டிகிரித் தண்ணீரில் தொடங்கினால் நூறைத் தாண்டுகிறது! இவ்வளவு கெட்டியான கரைசலில் மோலுக்கான வெப்பம் 44.5ஐ விடக் குறையும், ஆனால் கரைசலின் தன்வெப்பமும் கூடவே குறைவதால் விடை பெரிதாக மாறுவதில்லை. பாத்திரமும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இது 350 மி.லி. தண்ணீர் முழுசாக இருக்கும்போது. சோடா மேலே கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றினால் அத்தனை சூடும் அந்தக் கொஞ்சத் தண்ணீரின் தலையில்தான் விழும், நொடியில் கொதித்து ஆவியாகி, காரத்தையும் சேர்த்து மேலே வீசும். தண்ணீரில் சோடாவைச் சிறுகச் சிறுகப் போட்டால் வருகிற சூட்டைப் பங்கு போட்டுக்கொள்ள நிறையத் தண்ணீர் இருக்கிறது. என் தம்பியின் வாளியும் டேங்கும் மாதிரியேதான். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஊத்தியிருக்க மாட்டேனே டீச்சரக்கா" என்றாள். பிளாஸ்டிக் மக்கு வேண்டாம், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயு வரும், எவர்சில்வர் பாத்திரம்தான் சரி, கண்ணாடி போட்டுக்கொள், கையுறை போட்டுக்கொள் என்றெல்லாம் அப்புறம் சொன்னேன். கணக்குக்குப் பிறகு சொன்னதால் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டாள்.

ஆசிரியர் அவர்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, அந்த விடையைத் திருத்தி அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். வேறு ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் வந்தால் கத்தரித்து ஒட்டின பிள்ளைகள் கண்ணில் படாது. இரண்டாவது, இனி இப்படிக் கணக்குப் போடும்போது அதை வீட்டில் எப்படிச் செய்து பார்ப்பது என்று நாலு வரி சேருங்கள். பேப்பர் கப்பும் சமையல் உப்பும் நவச்சாரமும் போதும். காஸ்டிக் சோடாவைத் தனியாக வீட்டில் தொட வேண்டாம் என்பதையும் சேர்த்தே போடுங்கள். மூன்றாவது, உங்கள் பெண்கள் பக்கத்தில் சோப்பு, பினாயில் என்று வீட்டுத் தொழில் செய்முறைகள் அடிக்கடி வருகின்றன, நானும் விரும்பிப் படிக்கிறேன். அவற்றில் "சோடாவைத் தண்ணீரில் கலந்து ஆற வைக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். எதில் எதைப் போடுவது, எவ்வளவு சூடு வரும், ஆற எவ்வளவு நேரம் ஆகும் என்பதை எழுதுங்கள். இடம் இல்லை என்றால் சோப்புக்குப் போடுகிற வாசனை எண்ணெய்களைப் பற்றி எழுதுவதில் இரண்டு வரியைக் குறைத்துக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சோப்பு செய்கிற அந்தப் பெண் மறுபடி வந்தாள், கையில் கிழித்த காலண்டர் தாள். "தண்ணிக்குப் பதிலா ஐஸ் போட்டா எவ்வளவு குறையும் டீச்சரக்கா?" என்று கேட்டாள். ஐஸ் ஒரு கிராம் உருக 334 ஜூல் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மீதியைத் தாளின் பின்பக்கத்தில் அவளே போட்டாள், கூட்டல் பெருக்கலுக்குப் பள்ளிக்கூடம் போகிற மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு. 350 கிராம் ஐஸ் உருக 117 கிலோஜூல், உருகின தண்ணீர் 0விலிருந்து 30 டிகிரிக்கு வர இன்னொரு 44. 195இல் 161 போனால் மிச்சம் 34, அதை 2.19ஆல் வகுத்தால் 15.5. அறையின் 30 டிகிரியோடு சேர்த்தால் 45 டிகிரி. அதை எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடு போட்டாள். அன்று சாயங்காலமே எவர்சில்வர் பாத்திரத்தில் ஐஸ் போட்டு, சோடாவைக் கரண்டி கரண்டியாகத் தூவி, கரைந்த பின் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தோம். 47 காட்டியது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கோபிசெட்டிபாளையம்.